பின்விளக்கு மங்குவது குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடந்த சில வாரங்களாக எங்கள் பட்டறையைப் பற்றிய ஒரு பேச்சு உங்களில் பலருடைய காதுக்கு எட்டியிருக்கும். பழைய கார் ஒன்றின் பின்விளக்கு மங்கலாக எரிகிறது என்று கொண்டுவந்தவருக்கு நாங்கள் இரண்டு முறை பல்பு மாற்றிக் கொடுத்தோம் என்பதும், இரண்டு முறையும் சில வாரங்களிலேயே விளக்கு பழையபடி மங்கிவிட்டது என்பதும் உண்மை. அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. பின்னால் வருபவரின் கண்ணுக்குப் படாத வண்டியை இருட்டில் ஓட்டுவது எவ்வளவு அச்சம் தரும் என்பதை நானும் அறிவேன். ஆனால் அந்தப் பேச்சு வாய்மாறி வாய்மாறி வந்து, மறுபடியும் பல்பு விற்க வேண்டும் என்பதற்காகவே வாட் குறைந்த பல்பைப் போட்டு அனுப்புகிறார்கள் என்று முடிந்திருக்கிறது. அந்த ஒரு சொல்லைத் தாங்க முடியாமல்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

12 வோல்ட் கார்களில் பெரும்பாலும் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும். 5 வாட் இழை பின்விளக்குக்கு, 21 வாட் இழை பிரேக் விளக்குக்கு. இந்த எண்கள் பல்பின் உலோக அடிப்பகுதியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். யார் வேண்டுமானாலும் சிவப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துக்கொள்ளலாம். இரட்டை இழை பல்பின் இரண்டு பக்கக் குமிழ்களும் வெவ்வேறு உயரத்தில் இருப்பதால், சமமான குமிழ்கள் கொண்ட ஒற்றை இழை பல்பு அந்த ஹோல்டரில் பலவந்தப்படுத்தாமல் உட்காராது. அந்த வண்டியில் முதலில் இருந்ததும், நாங்கள் இரண்டு முறை போட்டதும், இப்போது எரிந்துகொண்டிருப்பதும் 21/5 வாட் பல்புகளே. கழற்றியவற்றை வண்டி எண் எழுதிய உறையில் போட்டு அவரிடமே கொடுத்திருக்கிறோம். எந்தக் காலத்திலும் இந்தப் பட்டறையில் குறைந்த வாட் பல்பு போட்டதில்லை.

அப்படியானால் வாட் கூடிய பல்பைப் போட்டுத் தீர்த்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். 5 வாட் இருக்கும் இடத்தில் 10 வாட் போட்டால் மின்னோட்டம் ஏறத்தாழ இரு மடங்காகும். வழியில் தடை இருந்தால் அங்கே இழக்கும் வோல்ட்டும் அதே அளவுக்குக் கூடும். கிடைக்கும் வெளிச்சம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருக்கும், சூடு மட்டும் கூடுதலாக இருக்கும். ஐம்பது ஆண்டு பழைய பிளாஸ்டிக் கண்ணாடி அந்தச் சூட்டில் வளைந்துவிட்டால் அதற்கு மாற்று கிடைப்பது அரிது. ஆகவே கேட்டாலும் நாங்கள் அதைச் செய்வதில்லை.

உண்மையில் கோளாறு பல்பில் இல்லை, பல்புக்கு மின்சாரம் போய்வரும் வழியில் இருந்தது. பழைய கார்களில் பல்புக்கு மின்சாரம் போவதற்குத்தான் வயர் இருக்கிறது. திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் தனி வயர் கிடையாது, வண்டியின் உடம்பே வழி. ஹோல்டர் விளக்குக் கிண்ணத்தையும், கிண்ணம் அதைப் பிடித்திருக்கும் திருகுகளையும், திருகுகள் பாடியையும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் எர்த், அதாவது இந்தத் திரும்பும் வழி, சரியாக இருக்கும். இந்தத் தொடுமிடங்களில் துருவோ களிம்போ பெயிண்டோ புகுந்தால், பல்புக்குச் சேர வேண்டிய வோல்ட்டில் ஒரு பங்கு அங்கேயே செலவாகிவிடும். இழை பல்பின் இயல்பு எப்படிப்பட்டது என்றால், மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். அதனால்தான் பேட்டரியும் ஃபியூஸும் நல்ல நிலையில் இருந்தும் பின்விளக்கு அணையும் தீக்கங்குபோல் தெரிகிறது.

குறிப்பிட்ட அந்த வண்டியை மூன்றாம் முறை வந்தபோது நானே பார்த்தேன். விளக்கை எரியவிட்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றொன்றை பல்பு ஹோல்டரின் உலோகக் கூட்டிலும் வைத்தபோது, 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது ஏறத்தாழ 2 வோல்ட் காட்டியது. பிரேக்கை அழுத்தியதும் அது 5 வோல்ட்டைத் தாண்டியது. 21 வாட் இழையின் மின்னோட்டமும் அதே அடைபட்ட வழியில் திரும்ப முயல்வதால்தான் பிரேக் அழுத்தும்போது விளக்கு பளிச்சிடாமல் இன்னும் தளர்ந்துபோகிறது. இண்டிகேட்டர் போடும்போது பின்விளக்கும் கூடச் சேர்ந்து துடித்தால் அதற்கும் இதுவே காரணம். இந்த இரண்டு அறிகுறிகளில் ஒன்றைக் கண்டாலும் பல்பை விட்டுவிட்டு எர்த்தைத் தேட வேண்டும்.

கிண்ணத்தைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது. ஓர் ஆண்டுக்கு முன்பு அந்த வண்டி முழுவதும் பெயிண்ட் அடிக்கப்பட்டிருக்கிறது. கிண்ணம் உட்காரும் இடத்திலும் திருகுத் துளைகளிலும் புதுப் பெயிண்ட் கனமாகப் படிந்திருந்தது. பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. பல்பு மாற்றிய ஒவ்வொரு முறையும் திருகுகளைக் கழற்றி முடுக்கியதில் அவை பெயிண்டைச் சிறிது கீறி உலோகத்தைத் தொட்டிருக்கின்றன. பல்பைத் திருகிச் செருகியதில் ஹோல்டரின் களிம்பும் சற்றே உரிந்திருக்கிறது. அதனால் வெளிச்சம் வந்தது. ஈரம் இறங்கி அந்தக் கீறல் துருப்பிடித்ததும் மறைந்தது. புதுப் பல்பால் வந்த வெளிச்சம் என்று நாங்களும் அவரும் நம்பியது இதைத்தான். பெயிண்ட் அடித்து வந்த அந்த வண்டிக்கு விளக்குகளைத் திரும்பப் பொருத்தியது எங்கள் பட்டறை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொடுமிடத்தை உப்புத்தாளால் உலோகம் தெரியத் தேய்த்து, பல்லுள்ள வாஷர் போட்டு, ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் பாடிக்குத் தனி எர்த் வயர் இழுத்து, மேலே கிரீஸ் தடவிக் கொடுத்தோம். இப்போது அளவு 0.1 வோல்ட்.

முதல் இரண்டு முறையும் ஏன் இப்படி அளந்து பார்க்கவில்லை என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் மின்வேலை முழுவதையும் பல ஆண்டுகளாகத் தாங்கிவந்த மூத்த தொழிலாளி உடல்நலம் கருதி ஓய்வு பெற்றுவிட்டார். விளக்கு எரியும் நிறத்தைப் பார்த்தே எர்த் போயிருக்கிறது என்று சொல்லிவிடக் கூடியவர் அவர். இப்போதுள்ள இரண்டு இளைஞர்களும் கைநேர்த்தி உள்ளவர்கள், ஆனால் மின்தடையை அளக்கும் ஓம் மீட்டரில் தடை இல்லை என்று கண்டதும் எர்த் நன்றாக இருக்கிறது என முடிவு செய்துவிட்டார்கள். மின்சாரம் ஓடாதபோது பார்க்கும் அந்த அளவு ஏமாற்றிவிடும். சுமையோடு, அதாவது விளக்கு எரியும்போதே பார்க்க வேண்டும். இதை அவர்களுக்கு முன்பே நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் மீது யாரும் வருத்தம் கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எல்லா மங்கலுக்கும் எர்த்தே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. எர்த் பக்கம் சரியாக இருந்தால், பேட்டரியின் மற்ற முனையிலிருந்து பல்பின் அடியில் மின்சாரம் வந்து சேரும் முனை வரை அதேபோல் அளந்தால், ஃபியூஸ் பிடிப்பான்களிலோ விளக்கு ஸ்விட்சின் தேய்ந்த தகடுகளிலோ டிக்கிக்குள் இருக்கும் வயர் இணைப்புகளிலோ இழப்பு தெரியவரும். டைனமோ உள்ள வண்டிகளில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது விளக்குகள் எல்லாமே சற்று மங்குவது அந்த அமைப்பின் இயல்பு. வேகம் கூடியதும் தெளிந்துவிட்டால் கவலை வேண்டாம். 1960களின் நடுப்பகுதி வரை வந்த ஃபோக்ஸ்வேகன் பீட்டில் போன்ற 6 வோல்ட் வண்டிகளில் யாரோ தவறுதலாக 12 வோல்ட் பல்பு போட்டிருப்பதையும் கண்டிருக்கிறோம். பல்புக்குப் பின்னால் உள்ள வெள்ளிப்பூச்சு கறுத்திருந்தாலும், சிவப்புக் கண்ணாடியின் உட்புறம் தூசி படிந்திருந்தாலும் முழு வோல்ட் கிடைத்தும் வெளிச்சம் வெளியே வராது.

எல்இடி பல்பு கேட்பவர்களுக்கு ஒரு சொல். அது மிகக் குறைந்த மின்னோட்டம் எடுப்பதால் கெட்டுப்போன எர்த்தை மூடிமறைத்துவிடும், கோளாறு அங்கேயே வளர்ந்துகொண்டிருக்கும். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்இடி போட்டால் அதன் ஒளியில் பெரும்பகுதி வீணாகும். 1967 வரை வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் கார் போல பாசிட்டிவ் முனையை எர்த் செய்த வண்டிகளில் சாதாரண எல்இடி எரியாமலே போகலாம். வழியைச் சரிசெய்த பிறகும் விருப்பம் இருந்தால், பொருத்தமான சிவப்பு எல்இடியைப் போட்டுத் தருகிறோம்.

இனிமேல் மங்கல் என்று வரும் எந்த வண்டியிலும் எர்த் பக்கமும் மின்சாரம் வரும் பக்கமும் அளந்து எழுதிக்கொண்ட பிறகே பல்பைத் தொடுவோம். அந்தச் சீட்டு உங்கள் கையில் தரப்படும். இதற்காக வண்டி ஒரு நாள் முழுவதும் இங்கே நிற்க வேண்டியிருக்கும், அளக்கும் வேலைக்கும் தனிக் கட்டணம் உண்டு. மங்கலைப் பற்றிக் குறை கூறிய வாடிக்கையாளரிடம் இரண்டு முறையும் வாங்கிய தொகையைத் திருப்பித் தந்துவிட்டோம்.

இந்தப் பேச்சு பரவிய நாட்களிலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகாமல், என்ன நடந்தது என்று நேரில் வந்து கேட்டவர்களை நான் மறக்க மாட்டேன். தந்தை ஓட்டிய வண்டியை இன்று மகன் எங்களிடமே கொண்டுவருகிறார் என்றால், அது எங்களுக்குக் கிடைத்த பெரும்பேறு. உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கடந்த ஓராண்டில் பெயிண்ட் வேலை முடித்து எங்களிடம் விளக்கு பொருத்திக்கொண்டவர்கள், மங்கல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒருமுறை வண்டியைக் கொண்டுவாருங்கள். அவர்களுக்கு மட்டும் அளப்பதற்கும் எர்த் வயர் இழுப்பதற்கும் கட்டணம் இல்லை. கழற்றிய பழைய பல்புகள் வீட்டில் இருந்தால் அவற்றையும் எடுத்துவாருங்கள். இரண்டு இழையும் அறாதவற்றைச் சோதித்து உங்களிடமே தந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்