சுட்ட அன்றே கழுவுங்கள்

உறுப்பினர்கள் கவனத்திற்கு: குழல்வாய் வழியே வெடிமருந்து திணித்துச் சுடும் ரைஃபிளைக் கழுவாமல் வைத்தால் ஒரே இரவில் துரு பிடிக்கும். கரிமருந்து (கறுப்பு வெடிமருந்து) எரிந்த கசடு உப்புத்தன்மை கொண்டது, காற்றின் ஈரத்தை இழுக்கும்.

முதலில் மருந்து திணிக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டு ஆழம் பாருங்கள். குழலின் அடிவரை போகாவிட்டால் உள்ளே மருந்து இருக்கிறது. அதை எடுக்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

நிப்பிளை (தீமூட்டும் தொப்பி பொருந்தும் சிறு குழாய்) கழற்றி, கட்டையிலிருந்து எடுத்த குழலின் அடிமுனையை வாளியில் வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு போதும். ஈரத்துணி சுற்றிய கம்பியை மேலும் கீழும் இழுத்தால் நிப்பிள் துளை வழியே தண்ணீர் பம்புபோல ஏறி இறங்கும். கறுப்பு போய்த் தெளியும்வரை தண்ணீரை மாற்றுங்கள். கொதிநீர் வேண்டாம், காயும்போதே மெல்லிய செந்துரு படரும். கழுவாத குழலில் பெட்ரோலிய எண்ணெய் விடுவது அதைவிட மோசம்: கசடு கரையாது, தார்போல ஒட்டிக்கொள்ளும்.

உலர்ந்த துணி ஈரமின்றி வரும்வரை துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. நிப்பிள் மரைக்குச் சிறிது கிரீஸ், இல்லையேல் அடுத்தமுறை கழலாது.

மறுநாள் வெள்ளைத்துணி ஒன்று விட்டுப் பாருங்கள். பழுப்பாக வந்தால் மீண்டும் வாளிதான். அடுத்து சுடும் முன் எண்ணெயைத் துடைத்தெடுக்க மறக்காதீர்கள். மருந்து நனைந்தால் வெடிக்காது.