என்ஜின் விளக்கு எரிந்தால் உடனே இ.ஜி.ஆர் வால்வை மாற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால் பி0401 என்ற பிழைக் குறியீடு வருகிறது. "இ.ஜி.ஆர் வால்வு போச்சு, புதுசு போடணும்" என்று அங்கேயே முடிவாகிவிடுகிறது. இ.ஜி.ஆர் வால்வு என்பது வெளியேறும் புகையில் கொஞ்சத்தை மறுபடி என்ஜினுக்குள் விடும் கதவு. கோலாலம்பூர் பட்டறைகளில் இந்த அவசரம் அதிகம். ஆனால் அந்தக் குறியீடு வால்வைக் குற்றம் சொல்லவில்லை. இன்டேக்குக்கு, அதாவது என்ஜினுக்குள் காற்று போகும் பாதைக்கு, திரும்ப வேண்டிய புகை போதிய அளவு வரவில்லை என்று மட்டுமே சொல்கிறது. ஏன் வரவில்லை என்று பார்ப்பது மெக்கானிக்கின் வேலை.

புகையின் ஒரு பகுதியை மறுபடியும் என்ஜினுக்குள் விட்டால் எரியும் வெப்பம் தணியும், நைட்ரஜன் ஆக்சைடு குறையும். அதற்குத்தான் இந்த ஏற்பாடு. அந்தப் புகையின் கரி, என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவியோடு கலந்து தார் மாதிரி அப்பிக்கொள்கிறது. ஜாலான் ஈப்போவிலும் கூட்டரசு நெடுஞ்சாலையிலும் காலை நெரிசலில் ஊர்ந்து போகும் டீசல் பிக்கப்புகளில் இது சீக்கிரமே சேரும்.

டீசல் வண்டியில் முதல் சோதனைக்கு எதையும் கழற்ற வேண்டாம். என்ஜின் நன்றாகச் சூடானதும் ஐட்லிங்கில் விட்டு, ஸ்கேனர் மூலம் வால்வைத் திறக்கச் சொல்லுங்கள். திறந்த அளவையும், உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் காட்டும் அளவையும் சேர்த்துப் பாருங்கள். புகை உள்ளே வந்தால் புதுக் காற்று குறைய வேண்டும். வால்வு திறந்தும் காற்று குறையவில்லையென்றால் அடைப்பு புகை வரும் குழாயிலோ அதைக் குளிர்விக்கும் கூலரிலோ இருக்கிறது. புது வால்வு போட்டாலும் விளக்கு திரும்ப எரியும். வால்வே அசையவில்லையென்றால் கனெக்டரில் மின்சாரம் வருகிறதா, எர்த் சரியா என்று மீட்டரில் பாருங்கள். அழுக்கடைந்த மாஃப் சென்சாரும் வெடித்த டர்போ ஹோஸும்கூட இந்தக் கணக்கைக் குழப்பும்.

வால்வு வாக்குவத்தில் (காற்றை உறிஞ்சும் விசையில்) இயங்கும் பழைய பெட்ரோல் வண்டி என்றால் கையால் இயக்கும் வாக்குவம் பம்ப் போதும். ஐட்லிங்கில் வால்வுக்கு 10 முதல் 15 அங்குலம் (பாதரச அளவு) வாக்குவம் கொடுத்தால் பெரும்பாலான வண்டிகளில் என்ஜின் தடுமாற வேண்டும், அல்லது நின்றுவிட வேண்டும். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பம்ப் முள் அப்படியே நிற்கிறது என்றால் பாதையில் அடைப்பு, அல்லது வால்வு இறுகிவிட்டது. முள் இறங்கினால் வால்வுக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறது. பி0402 வந்தால் கதை தலைகீழ், புகை அளவுக்கு மேல் வருகிறது: பெரும்பாலும் கரித்துண்டு சிக்கி வால்வு முழுதாக மூடியிருக்காது. ஐட்லிங் துடிக்கும், டீசலில் ஆக்சிலேட்டரை மிதித்தால் கரும்புகை தள்ளும்.

கரிதான் காரணம் என்றால் கழற்றிக் கழுவினால் போதும். கார்புரேட்டர் கிளீனரை மோட்டார், சென்சார் பக்கம் அடிக்கக் கூடாது. வால்வு உட்காரும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் கோடு விழுந்து கசியும். பித்தளை பிரஷ் போதும். கேஸ்கெட் புதிதாகப் போடுங்கள். பல வண்டிகளில் மாட்டிய பிறகு வால்வின் மூடிய நிலையை ஸ்கேனர் மூலம் மறுபடி பதிய வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் "கழுவியும் சரியாகவில்லை" என்கிறார்கள். டாங்கியில் ஊற்றும் மருந்தை நம்பாதீர்கள். அந்தப் பாதையில் எரிபொருள் போவதே இல்லை.

வெளியே சொட்டு ஒழுகாமல் ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறது, வெள்ளைப் புகையும் வருகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டைத் திறக்கும் முன் இ.ஜி.ஆர் கூலரைச் சோதியுங்கள். ரேடியேட்டர் மூடியில் எழுதியுள்ள அளவுக்குத் தண்ணீர்ப் பாதையில் அழுத்தம் ஏற்றி, வால்வைக் கழற்றி உள்ளே ஈரம் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். ஹெட்டைத் திறந்து மூடிய பிறகு கூலர்தான் என்று தெரிந்தால் அந்தக் கூலியை யார் கொடுப்பது?

இ.ஜி.ஆர் பாதையைத் தகடு வைத்து அடைத்துவிடலாம் என்றும் சிலர் யோசனை சொல்வார்கள். பெட்ரோல் என்ஜினில் அது தட்டும் சத்தத்தைக் கொண்டுவரலாம். டீசலிலோ நைட்ரஜன் ஆக்சைடு என்ற அந்த நச்சு வாயு அப்படியே தெருவுக்குப் போகும். பணம் கொடுக்கும் முன் வால்வு திறந்தபோது காற்றின் அளவு எவ்வளவு காட்டியது என்று வாடிக்கையாளர்கள் கேட்க வேண்டும்.

செந்தூல் வட்டாரப் பட்டறைக்காரர்கள் சிலர்,
கோலாலம்பூர்