தொட்ட குதிரை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பேரன் பிறந்த செய்திக்கு அன்றே பதில் எழுதியிருக்க வேண்டும், தப்புதான். குழந்தையைப் பார்க்கத் தைப்பூசத்துக்கு முன்னால் கிள்ளானுக்கு வருகிறேன்.

எனக்கு இங்கே ஒரு மானக்கேடு நடந்தது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? போன ஞாயிறு ஜார்ஜ்டவுனில் ஒரு சின்ன செஸ் போட்டி. ஆளுக்குப் பதினைந்து நிமிடம், வயது பாகுபாடு கிடையாது. பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன், வெள்ளை கிடைத்தால் எவன்ஸ் கேம்பிட்தான். 1820களில் ஒரு வேல்ஸ் நாட்டுக் கப்பல் கேப்டன் கண்டுபிடித்த ஓப்பனிங், தாக்குதலுக்காக ஆரம்பத்திலேயே ஒரு சிப்பாயைப் பலி கொடுக்கிற ஆட்டம். அதைக் கடல்மேல் உட்கார்ந்து நினைப்பதே தனித் தெம்பு.

மூன்றாவது ரவுண்டில் வெள்ளை வந்தது. எதிரே பத்து வயதுப் பையன், நம்ம தமிழ்ப் பிள்ளைதான். கால் தரைக்கு எட்டவில்லை, பக்கத்தில் மைலோ பாக்கெட். நாலாவது மூவில் பி4 என்று சிப்பாயைத் தூக்கிக் கொடுத்தேன். பிஷப்பால் வெட்டினான். சி3 வைத்து விரட்டினேன். பெரும்பாலும் ஏ5க்குத்தான் ஓடுவார்கள், இவன் இ7க்குப் போனான். நான் டி4. அவன் குதிரையை ஏ5இல் வைத்து என் பிஷப்பைக் குறிவைத்தான்.

சேகர், இது 1995இல் ரீகாவில் உலக சாம்பியன் காஸ்பரோவை எதிர்த்து நம்ம ஆனந்த் ஆடியதடா! காஸ்பரோவ் பிஷப்பை இ2க்குப் பின்வாங்கி 25 மூவில் ஜெயித்த ஆட்டம். உங்கள் கடை வாசல் அஞ்சடியில் உட்கார்ந்து எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்போம்!

ஆனால் இ5இல் சிப்பாய் காவல் இல்லாமல் நிற்கிறதே. 'பிஷப்' என்று மூளை சொல்வதற்குள் கை குதிரைமேல் இருந்தது. தொட்டால் ஆடித்தானே ஆக வேண்டும்? வெட்டினேன். என் பிஷப்பை அவன் குதிரை வெட்ட, அதை என் குதிரை வெட்ட, டி5 என்று தள்ளினான் பாவி. காய்க் கணக்கு சமம்தான். ஆனால் அவனிடம் இரண்டு பிஷப், என்னிடம் தாக்குதலே இல்லை. கேம்பிட் ஆடிவிட்டு, ராணியை மாற்றிக்கொண்டு டிராவுக்குக் கெஞ்சிய ஆளை நீ பார்த்திருக்க மாட்டாய். நாற்பது மூவ் தாக்குப்பிடித்தேன். அப்புறம் இரண்டு பிஷப்பும் சேர்ந்து என் ஓரச் சிப்பாயைக் கவ்விக்கொண்டன.

கைகுலுக்கிவிட்டு, "அங்கிள், ஏன் பிஷப்ப பின்னால எடுக்கல?" என்று கேட்டான்.

"மறந்துட்டேன்" என்றேன். மைலோவை உறிஞ்சிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தான். நம்பவில்லை.

நான் வரும்போது அந்த மடக்குப் பலகையைத் தூசு தட்டி வை. வெள்ளை எனக்கு.

அன்புடன்,
வாசு