டென்ட்டைத் தின்னும் உப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சனி, ஞாயிறு வந்தால் நம் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், அரியமான் சவுக்குத் தோப்பு ஓரத்திலும் வாலிநோக்கம் பக்கமும் கலர் கலராக டென்ட் முளைக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் அதே டென்ட் அடுத்த வருஷம் பரணிலிருந்து இறங்கும்போது ஜிப் நகராது, அடித்துணி பிசுபிசுவென்று ஒட்டும், மூக்கைப் பிடிக்கிற வாடை வரும். "மட்டச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டான்" என்று விற்றவர் திட்டு வாங்குவார். பாதிக்குப் பாதி குற்றம் சரக்கில் இல்லை. டென்ட்டோடு வரும் குறிப்புச் சீட்டு மழையையும் பனியையும் நினைத்து எழுதியது. உப்புக் காற்றைப் பற்றி அதில் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. இருந்தாலும் தமிழில் இருக்காது. அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்க்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று. புது டென்ட்டைக் கடற்கரையில் வைத்து முதன்முதலாகப் பிரிக்காதீர்கள். வீட்டு மொட்டை மாடியிலோ முற்றத்திலோ, காற்று அடங்கிய நேரத்தில், ஒரு பாயை விரித்து அதன்மேல் பிரியுங்கள். கம்பி எத்தனை, முளை எத்தனை, கயிறு எத்தனை என்று எண்ணி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பைக்குள்ளேயே போட்டுவையுங்கள். இருட்டில் மணலுக்குள் போன முளை அந்தச் சீட்டு இருந்தால்தான் திரும்பக் கிடைக்கும்.

முழுசாக நிறுத்தி, ஜிப் எல்லாவற்றையும் மூடிவிட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற டியூபால் மேலிருந்து மழை மாதிரி கால் மணி நேரம் ஊற்றுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்து தையல் ஓரங்களைப் பார்க்கட்டும். துணி ஒழுகுவது அபூர்வம். ஊசி போன ஓட்டைதான் ஒழுகும். கம்பெனியிலேயே தையலின் உள்பக்கம் பளபளவென்று டேப் ஒட்டியிருந்தால், அது பாலியூரித்தேன் பூச்சுப் போட்ட துணி. டேப் இல்லாமல், இரு பக்கமும் வழுவழுவென்று விரலுக்குப் பிடி கொடுக்காமல் இருந்தால், பெரும்பாலும் சிலிக்கான் பூச்சு. ஒழுகுகிற தையலுக்குத் தடவும் பசையை இதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சிலிக்கான் துணிக்குச் சிலிக்கான் பசை, மற்றதற்கு பாலியூரித்தேன் பசை. மாற்றித் தடவினால் ஒரே மாதத்தில் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். தையலை ஸ்பிரிட் நனைத்த பருத்தித் துணியால் துடைத்து, ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு மெலிசாகத் தடவி, ஒரு முழு நாள் காயவிட்டு, கடைசியில் முகப் பவுடரை லேசாகத் தூவுங்கள். பவுடர் போடாமல் மடித்தால் பசையும் பசையும் ஒட்டிக்கொள்ளும்.

'டென்ட்டை நனைத்துக் காயவைத்துப் பழக்க வேண்டும்' என்று சிலர் சொல்வார்கள். அது பருத்திக் கேன்வாஸ் கூடாரத்துக்குச் சொன்னது. பருத்தி நூல் ஈரத்தில் ஊதி ஊசி ஓட்டையை அடைக்கும். இரண்டு மூன்று தடவை நனைத்துக் காயவைத்தால் தையல் இறுகிவிடும். பாலியஸ்டரை ஆயிரம் தடவை நனைத்தாலும் ஓட்டை ஓட்டையாகவேதான் இருக்கும்.

பெட்டியில் 1,500 மி.மீ., 3,000 மி.மீ. என்று போட்டிருப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அத்தனை உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் துணி கசியாமல் தாங்கும் என்று அர்த்தம். மேல்துணிக்கு 1,500 போதும். அடித்துணிக்குக் கூட இருப்பது நல்லது, ஏனென்றால் ஈர மணலில் முழங்காலை ஊன்றினால் அந்த ஒரு இடத்தில் அழுத்தம் ஏகத்துக்கும் ஏறும்.

அடித்துணிக்குக் கீழே கட்டாயம் ஒரு தார்ப்பாய்த் துண்டு போடுங்கள். நம் கரையில் சீமைக்கருவேல முள்ளும் உடைமுள்ளும் மணலுக்கடியில் எங்கே கிடக்கும் என்று சொல்ல முடியாது. மணல்மேட்டில் நிற்கும் ராவணன் மீசைப் புல்லின் நுனி தைக்கிற ஊசிக்குச் சளைத்ததல்ல. அந்தத் தார்ப்பாய் டென்ட்டின் அடியைவிட நாலு பக்கமும் 5 செ.மீ. சின்னதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலே விழும் மழையை வாங்கி உங்கள் முதுகுக்கடியில் கொண்டுவந்து சேர்த்துவிடும். பெரிய தார்ப்பாய்தான் பாதுகாப்பு என்று நினைத்து நனைந்தவர்கள் நிறைய.

அடுத்தது முளை. பெட்டிக்குள் வரும் கொக்கி மாதிரியான ஒரு சாண் கம்பி முளை செம்மண்ணுக்குச் சரி. கடல் மணலில் இழுத்தால் வெண்ணெயிலிருந்து வருகிற மாதிரி வந்துவிடும். காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்திவைத்த ஊர் இது. வீட்டிலிருந்து காலி உரச்சாக்கை வெட்டித் தைத்த நாலைந்து சின்னப் பைகளைக் கொண்டுபோங்கள். எட்டுப் பத்துக் கிலோ மணல் கொள்ளட்டும். ஒவ்வொரு மூலைக் கயிற்றையும் பையின் இடுப்பில் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, பையைக் கயிற்றுக்குக் குறுக்காகப் படுக்க வைத்து, மணல் மூடி, காலால் மிதித்து, ஒரு வாளிக் கடல் தண்ணீரை அந்தக் குழிமேல் மட்டும் ஊற்றுங்கள். நாட்டுப்படகுக்கு நங்கூரம் மாதிரி அது அசையாது. கயிறு குழியிலிருந்து வெளியேறும் இடத்தில் சரிவாக ஒரு வாய்க்கால் கீறிவிடுங்கள். செங்குத்தாக வந்தால் பையை மேலே தூக்கிவிடும். காலையில் பைகளை எடுத்து, மணலைக் கொட்டிவிட்டுச் சாக்கைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அடம்பன் கொடி படர்ந்த மேட்டில் தோண்டாதீர்கள், அந்த மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கொடிதான்.

டென்ட்டின் ஒடுங்கிய பக்கம் காற்றைப் பார்க்கட்டும், வாசல் காற்று படாத மறுபக்கம் இருக்கட்டும். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது ஆண் கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து வாடைக்காற்று திரும்பினால் பெண் கடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம் அலை ஏறும். கடற்பாசி ஒதுங்கிக் கறுப்புக் கோடு கிழித்த இடம் தண்ணீர் வந்து போகிற எல்லை. அதற்கு நன்றாக மேலே தள்ளி அடியுங்கள். நிழலுக்கு ஆசைப்பட்டுப் பனை, தென்னை அடியில் போய்ப் படுக்காதீர்கள். மட்டை விழுந்தால் டென்ட்டோடு போகாது.

இனி உப்புக்கு வருகிறேன். ஐப்பசி மழையில் அடுக்களைக் கல் உப்பு ஜாடிக்குள்ளேயே கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். டென்ட் துணியில் படிந்த உப்பும் அதையேதான் செய்யும். வெயிலில் மொடமொடவென்று காயவைத்துப் பைக்குள் போட்டாலும், ராத்திரி ஈரக்காற்றை உறிஞ்சித் துணி மறுபடி பிசுக்கென்று ஆகிவிடும். ஈரமும் பரண் சூடும் சேர்ந்தால் பாலியூரித்தேன் பூச்சு தானாகச் சிதையும். அந்தப் பிசுபிசுப்பும் வாடையும் அதனால்தான். அப்படிப் போன பூச்சைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே கடற்கரையிலிருந்து வந்த டென்ட்டுக்குக் காயவைத்தல் மட்டும் போதாது, அலசியே ஆக வேண்டும்.

அலசுவதற்கு முன் மணல். டென்ட்டைக் காய்ந்த நிலையிலேயே உள்புறம் வெளியே திருப்பி உதறுங்கள். ஈரத் துணியால் மணலைத் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி பூச்சு உரியும்.

பிறகு தண்ணீர். இங்கேதான் நம் மாவட்டத்துச் சங்கடம். பல ஊர்களில் போர்வெல் தண்ணீரே உவர்ப்பு. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரை ஊற்றி என்ன பயன்? உங்கள் தண்ணீர் எப்படி என்று தெரிய, ஒரு ஸ்பூன் தண்ணீரை எவர்சில்வர் தட்டில் விட்டு வெயிலில் காயவையுங்கள். வெள்ளைத் திட்டு நின்றால் அதே திட்டுதான் டென்ட்டிலும் நிற்கும். அதற்காகக் குடிக்க வரும் காவிரித் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றச் சொல்லவில்லை. குடிக்கவே குடத்தை வரிசையில் வைக்கிற ஊரில் அப்படிச் சொன்னால் அடிக்க வருவார்கள். இரண்டு பேர் படுக்கும் டென்ட்டுக்கு முதல் மூன்று வாளி போர்வெல் தண்ணீரே போதும், பெரும்பாலான உப்பும் மணலும் அதிலேயே போய்விடும். கடைசி ஒரு வாளி மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். மழைக்காலமானால் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் இன்னும் விசேஷம்.

சலவைப் பவுடர், பிளீச்சிங், வெந்நீர், வாஷிங் மெஷின் எதுவும் கூடாது. பவுடர் துணியில் தங்கினால் தண்ணீர் முத்தாக உருண்டோடாமல் துணியில் ஊறும். அழுக்கு இருந்தால் பாத்திரம் தேய்க்காத மெத்தென்ற ஸ்பான்ஜில் குளியல் சோப்பைத் துளி தொட்டு, அந்த இடத்தை மட்டும் துடைத்தால் போதும். பறவை எச்சம் விழுந்தால் அன்றைக்கே ஊறவைத்து எடுத்துவிடுங்கள்.

காயவைப்பது நிழலில், நிறுத்திய நிலையில். நம் சித்திரை வெயில் நைலானைச் சீக்கிரம் இற்றுப்போகச் செய்யும், பாலியஸ்டர் கொஞ்சம் தாங்கும். துணி கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும், அதைப் பார்த்து ஏமாந்து மடிப்பவர்கள்தான் அதிகம். மூலையில் முளை மாட்டும் நாடாவை இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். அது தடித்தது, மூன்று நான்கு மணி நேரம் ஆனாலும் உள்ளே ஈரம் பிடித்திருக்கும். பூஞ்சை முதலில் கறுப்புப் புள்ளி வைப்பது அங்கேதான்.

ஜிப்புக்கு வருவோம். நகரவில்லை என்றதும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுவது நம் ஊர்ப் பழக்கம். கடற்கரையில் அதைவிடக் கெட்டது வேறில்லை. எண்ணெயில் மணல் ஒட்டி, ரன்னர் போகிற ஒவ்வொரு தடவையும் பல்லை அரம் போட்டு ராவும். பழைய டூத் பிரஷ்ஷால் பல் இடுக்கைத் தட்டி, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவைத்து, வெள்ளை மெழுகுவர்த்தியை இரண்டு தடவை தேய்த்தால் போதும். ரன்னர் சரியாக ஓடியும் பின்னாலேயே ஜிப் பிளந்துகொண்டு வந்தால், பல் போகவில்லை, ரன்னரின் வாய் தேய்ந்து அகன்றுவிட்டது. ரன்னரை ஜிப்பின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், சின்னக் குறட்டால் அதன் பின்பக்கத்து இரண்டு ஓரங்களையும் மாறி மாறி, ஒரு நூல் அளவு மட்டும் அமுக்குங்கள். ஒரே அமுக்காக அமுக்கினால் ரன்னர் உடையும். இதற்காக ஜிப்பையே மாற்றி, நாலு மடங்கு கூலி கொடுப்பவர்கள் உண்டு.

அலுமினியக் கம்பியின் மூட்டுகளில் உப்பு வெள்ளையாகப் பூத்து, ஒன்றோடொன்று இறுகிவிடும். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் மூட்டுகளை ஈரத் துணியால் துடைத்துக் காயவையுங்கள். உள்ளிருக்கும் எலாஸ்டிக்கை நம்பிக் கம்பிகளை டப்பென்று தானாகச் சேரவிடாதீர்கள், விளிம்பு நசுங்கி அடுத்த தடவை உள்ளே போகாது. கழற்றும்போது நடுவிலிருந்து மடக்கினால் எலாஸ்டிக் இரண்டு பக்கமும் சமமாக இழுபடும். ஃபைபர் கம்பி என்றால் வெடிப்பு விழுந்த இடத்தைக் கையால் தடவாதீர்கள், நார் ஏறும். டேப் சுற்றி ஓட்டலாம். இரும்பு முளையைத் தனிப் பையில் போடுங்கள், துரு துணியில் ஏறினால் போகாது.

வைக்கும்போது, கூட வந்த இறுக்கமான பையில் திணிக்காமல் பழைய வேட்டியில் தளர மூட்டை கட்டி, வீட்டுக்குள் காற்றாடும் அலமாரியில் வையுங்கள். தகரக் கூரைக்கடிப் பரணும் கார் டிக்கியும் வேண்டாம். உள்ளே ஒரு கடலை மிட்டாய் துண்டு கிடந்தாலும் எலி வழி பண்ணிக்கொண்டு வரும்.

காலையில் உள்பக்கம் நனைந்திருந்தால் உடனே ஒழுகல் என்று நினைக்க வேண்டாம். துணி முழுக்கச் சீராக வியர்த்திருந்தால் அது மூச்சுக்காற்று, மேல் ஜன்னலைத் திறந்து வைத்தால் குறையும். தையலில் மட்டும் கோடு போட்டு நின்றால்தான் ஒழுகல். கொசுவத்தியையும் அடுப்பையும் உள்ளே வைக்கவே கூடாது. இந்தத் துணி எரிவதற்கு முன் உருகிச் சொட்டும், கரி அடுப்பிலிருந்து வரும் நச்சு வாயு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

இன்னொன்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கே வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. தை முதல் பங்குனி வரை ஆமை முட்டையிடக் கரையேறும், கடலைப் பார்த்து விளக்கைத் திருப்பாதீர்கள்.

டென்ட் விற்கும் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். துணிக்கு எந்தப் பூச்சு என்பதையும், கடற்கரையிலிருந்து வந்தால் நல்ல தண்ணீரில் அலச வேண்டும் என்பதையும் பையின் மேலேயே தமிழில் ஒட்டிக் கொடுங்கள். டென்ட் அடிக்க இடம் காட்டும் ஊராட்சிகளும், கைகால் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் இதற்கென்று ஒரு நல்ல தண்ணீர்க் குழாய் வைக்கலாம். ஒரு டென்ட்டுக்கு ஒரு வாளி என்று எழுதிப் போட்டுவிட்டால் தண்ணீரும் வீணாகாது.

இப்படிக்கு,
தார்ப்பாய், படுதா தைக்கும் வாசகர்,
உச்சிப்புளி, இராமநாதபுரம் மாவட்டம்.