பாண்ட் தொகைக்குக் கணக்குக் காட்டுங்கள்

பெங்களூரில் அலுவலகம் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கேம்பஸ் நடத்தி ஆள் எடுக்கும் சிறிய, நடுத்தர மென்பொருள் நிறுவனங்களின் ஹெச்.ஆர். தலைவர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலர் தமிழர்கள் என்பதால் இதைத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் வேலைக்கு எடுக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் படிக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

நான் இந்த ஊர் சிவில் நீதிமன்றங்களில் ஒப்பந்த வழக்குகள் நடத்துகிறவன். மடிவாளா, பொம்மனஹள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் பி.ஜி. விடுதிகளில் தங்கியிருக்கும் பிள்ளைகள், வேலையை விட நினைக்கும்போது என்னைப் போன்றவர்களிடம் வருகிறார்கள். கையில் கொண்டுவரும் காகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஸ்டாம்ப் பேப்பரில் இரண்டு வருட பாண்ட். இடையில் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய். ஜாமீன்தாரராக அப்பாவின் கையெழுத்து. சில இடங்களில் தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட ஒரு செக், ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் இரண்டும் கம்பெனி லாக்கரில்.

விருத்தாசலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் கதை இது. மாதச் சம்பளம் பதினெட்டாயிரம். பயிற்சி என்ற பெயரில் மூன்று வாரம் ஒரு சீனியர் மீட்டிங் ரூமில் உட்கார்ந்து பாடம் எடுத்தார். இரண்டாவது மாதத்திலேயே வாடிக்கையாளரின் வேலையில் போட்டுவிட்டார்கள். பதினோராவது மாதம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, ஊரோடு வந்துவிடலாம் என்று முடிவெடுத்தாள். உடனே மெயில் வந்தது: இரண்டு லட்சம் கட்டு, இல்லையென்றால் வேலையிலிருந்து விடுவித்ததைக் காட்டும் ரிலீவிங் லெட்டரும் கிடையாது, சர்டிபிகேட்டும் கிடையாது. அவள் அம்மா எனக்குப் போன் செய்து கேட்டது ஒரே கேள்விதான். "கேஸ் போட்டு பிள்ளைய ஜெயில்ல போட்ருவாங்களா சார்?"

போட முடியாது. பாண்டை மீறுவது குற்றம் அல்ல. ஒப்பந்த மீறல் என்பது சிவில் விவகாரம். அதற்குப் பரிகாரம் நஷ்டஈடு. இது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் சில நிறுவனங்கள் செக் வாங்கி வைக்கின்றன என்று நினைக்கிறேன். செக் பணமில்லாமல் திரும்பினால், செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவில் இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. சிவில் விவகாரமாக இருக்க வேண்டியதைக் கிரிமினல் பயமாக மாற்றும் வேலை இது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் இதைச் செய்வது கொடுமை.

சரி, நஷ்டஈடு எவ்வளவு? 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73, 74 பிரிவுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். மீறலால் இயல்பாக வரும் நஷ்டத்துக்கும், ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த நஷ்டத்துக்கும்தான் ஈடு கேட்கலாம் என்கிறது 73. எங்கோ தூரத்தில், சுற்றி வளைத்து வரும் நஷ்டத்துக்குக் கேட்க முடியாது. ஒப்பந்தத்திலேயே ஒரு தொகை எழுதியிருந்தால், அந்தத் தொகைக்கு மேற்படாமல் நியாயமான ஈடு கிடைக்கும் என்கிறது 74. அதாவது நீங்கள் எழுதும் இரண்டு லட்சம் ஓர் உச்சவரம்பு. அதற்குக் கீழே எவ்வளவு என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும்.

இந்தப் பிரிவில் "நஷ்டம் நிரூபிக்கப்பட்டாலும் இல்லாவிட்டாலும்" என்று ஒரு வரி வருகிறது. உங்கள் வக்கீல்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் 1963-லேயே ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பேசிவிட்டது. டெல்லியில் ஒரு பங்களா விற்பனை முறிந்துபோய், விற்றவர் வாங்கிய 25,000 ரூபாயையும் வைத்துக்கொள்ளப் பார்த்தார். முன்பணமான ஆயிரத்தை வைத்துக்கொள்ளலாம், மீதி 24,000-ஐத் தண்டமாகப் பிடித்துக்கொள்ள முடியாது என்றது தீர்ப்பு. 2015-ல் கைலாஷ் நாத் வழக்கில் இன்னும் தெளிவாக வந்தது. ஏலத்தில் மனை எடுத்தவரின் 78 லட்சத்தை டெல்லி வளர்ச்சி ஆணையம் பறிமுதல் செய்திருந்தது. 3.12 கோடிக்குப் போன அந்த மனையைப் பிறகு 11.78 கோடிக்கு அதுவே விற்றது. வாங்கியவர் ஒப்பந்தத்தை மீறவே இல்லை என்று கண்ட நீதிமன்றம், நஷ்டமே இல்லாத இடத்தில் ஈடும் இல்லை என்று பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. நிரூபிக்க முடிகிற நஷ்டத்தை நிரூபிக்கத்தான் வேண்டும். கணக்கிடவே கஷ்டமான இடத்தில்தான், எழுதிய தொகை நியாயமான முன்மதிப்பீடாக இருந்தால், அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பயிற்சிச் செலவு கணக்கிடக் கஷ்டமான விஷயமா? வெளியிலிருந்து ஆசிரியர் வந்தால் பில் இருக்கும். சான்றிதழ்த் தேர்வுக்குக் கட்டணம் கட்டினால் ரசீது இருக்கும். உங்கள் சீனியர் மூன்று வாரம் பாடம் எடுத்தால் அந்த மூன்று வாரச் சம்பளத்தை எத்தனை பேருக்குப் பாடம் எடுத்தாரோ அத்தனையால் வகுத்துவிடலாம்.

"போன வருடம் உச்ச நீதிமன்றமே பாண்ட் செல்லும் என்று சொல்லிவிட்டதே" என்று ஒரு ஹெச்.ஆர். மேலாளர் என்னிடம் கேட்டார். 2025 மே மாதம் வந்த விஜயா வங்கித் தீர்ப்பைத்தான் சொன்னார். பெங்களூரைத் தலைமையகமாகக் கொண்டிருந்த வங்கி அது. மூன்று வருடம் முடிவதற்குள் விலகினால் இரண்டு லட்சம் என்ற நிபந்தனையோடு 2007-ல் சேர்ந்த அதிகாரி 2009-ல் ராஜினாமா செய்தார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் வங்கியின் பக்கம். பாண்ட் செல்லாது என்று இனி யாரும் பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் காரணங்களைப் படியுங்கள். அவர் நல்ல சம்பளம் வாங்கிய சீனியர் மேனேஜர். அந்தத் தொகை அவரால் ராஜினாமாவே செய்ய முடியாதபடி தடுக்கும் அளவு பெரிதல்ல என்றது நீதிமன்றம். பொதுத்துறை வங்கி நாடு முழுக்க விளம்பரம் கொடுத்து, போட்டி முறையில்தான் ஆள் எடுக்க முடியும். அதற்கு நேரமும் செலவும் ஆகும் என்பது இன்னொரு காரணம். உங்கள் நிலை அதுவா? பதினெட்டாயிரம் வாங்குகிறவளுக்கு இரண்டு லட்சம் என்பது பதினோரு மாதச் சம்பளத்துக்கும் மேல். அவள் இடத்துக்குப் வேலை ஒதுக்கப்படாமல் பெஞ்சில் காத்திருக்கும் இன்னொரு ஃபிரெஷரை மறுநாளே போட்டுவிடுகிறீர்கள். நஷ்டத்தைக் கணக்கிடும்போது அதைச் சரிசெய்ய என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும் என்று 73-வது பிரிவின் விளக்கமே சொல்கிறது.

அதே தீர்ப்பில் உங்களுக்குச் சாதகமில்லாத ஒரு வரியும் இருக்கிறது. நிறுவனம் அச்சடித்துக் கொடுக்கும் வேலை ஒப்பந்தத்தில் இரு தரப்பும் சமபலத்தில் இருப்பதில்லை. அதில் உள்ள கட்டுப்பாடு பொது நலனுக்கு விரோதமில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்றும் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பிள்ளைகள் பக்கம் தப்பே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. கம்பெனி செலவில் பெரிய சான்றிதழ்ப் படிப்பு முடித்துவிட்டு அடுத்த மாதமே சொல்லாமல் கொள்ளாமல் போகிறவர்கள் உண்டு. அந்தச் செலவை அவர்கள் திருப்பிக் கொடுப்பதுதான் நியாயம். என்னிடம் வருகிறவர்களிடம் அப்படித்தான் சொல்கிறேன், நோட்டீஸ் பீரியடையும் ஒழுங்காக முடிக்கச் சொல்கிறேன்.

உங்களிடம் கேட்பது, அடுத்த கேம்பஸ் சீசனுக்கு முன் பாண்டை மாற்றி எழுதுங்கள். என்ன பயிற்சி, யார் கொடுக்கிறார்கள், தலைக்கு எவ்வளவு செலவு என்று ஒரு பக்கம் இணையுங்கள். வேலை பார்த்த ஒவ்வொரு மாதத்துக்கும் அந்தத் தொகை குறையட்டும். இருபத்து மூன்றாம் மாதம் விலகுகிறவனிடமும் முழு இரண்டு லட்சம் கேட்பதை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. செக் வாங்காதீர்கள். பாக்கி இருக்கிறது என்று நினைத்தால் மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள், ரிலீவிங் லெட்டரை நிறுத்தி வைத்து வசூல் செய்யாதீர்கள்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளுக்கு மட்டும் அடுத்த சீசன் வரை காத்திருக்க வேண்டாம். அவை அந்தப் பிள்ளைகளுடையவை. லாக்கரைத் திறந்து, பெயர் பார்த்து, இந்த வாரமே அவரவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பெங்களூரில் தொழில் செய்யும் ஒரு தமிழ் வழக்கறிஞர்