கல்வி வரியில் நம் பிள்ளைகளின் பங்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

பொங்கல் விடுமுறைக்கு முன் ஒருநாள் மாலை, பள்ளி விடும் நேரத்தில், ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் பையைத் தூக்கிக் கொடுத்தேன். கனத்தது. காலையில் வீட்டில் நிரப்பிய தண்ணீர் பாட்டில் கழுத்துவரை அப்படியே இருந்தது. "தாகம் எடுக்கவில்லை, டீச்சர்" என்றாள். மறுநாள் அந்த வகுப்பின் பெண் பிள்ளைகள் எல்லோருடைய பாட்டில்களையும் மேசைமேல் வரிசையாக வைக்கச் சொன்னேன். பாதிக்குக் கீழே இறங்கியவை நான்கே நான்கு. கழிப்பறைக்குப் போக நேர்ந்துவிடுமே என்று பயந்து, செல்லூர் வெயிலில் பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீரைத் தொடாமல் இருக்கிறார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் மாநகராட்சிப் பள்ளியில் 312 பிள்ளைகள். பெண் பிள்ளைகளுக்கு இருப்பவை மூன்று கழிப்பறைகள். ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் இருந்தது, போட்டுவிட்டோம். இன்னொன்றில் தண்ணீர் ஏறுவதில்லை. குழாயை முழுதாக மாற்ற வேண்டும், இன்னும் இரண்டு கழிப்பறைகளாவது புதிதாகக் கட்ட வேண்டும்.

கையில் இருக்கும் பணம் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 251 முதல் 1,000 பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு அரசு தரும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ஆண்டுக்கு 75,000 ரூபாய். நம் பள்ளிக்குக் கணக்குப் போட்டால் பிள்ளை ஒன்றுக்கு 240 ரூபாய். மின்விசிறி பழுது, சாக்பீஸ், பதிவேடு, சுத்தம் எல்லாம் அதற்குள்தான். கட்டட வேலைக்கு அதில் இடமே இல்லை. அதற்கு மாநகராட்சி பட்ஜெட்டில்தான் பணம் ஒதுக்க வேண்டும்.

அந்தப் பட்ஜெட்டில் உங்கள் பணமும் இருக்கிறது. சொத்து வரியோடு கல்வி வரியும் வசூலாகிறது. சொந்த வீடு இல்லாதவர்கள், தறி ஓட்டியும் மூட்டை தூக்கியும் வாடகை கொடுப்பவர்கள், 'நமக்கென்ன வரி' என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்காரர் கட்டும் வரி உங்கள் வாடகையிலிருந்துதான் போகிறது.

மதுரை மாநகராட்சியில் 100 வார்டுகள். எல்லா வார்டிலும் தேவை இருக்கிறது. பிள்ளைகளின் எண்ணிக்கை, கட்டடத்தின் வயது, தண்ணீர் வசதி ஆகியவற்றைப் பார்த்துப் பணத்தைப் பிரித்துக் கொடுங்கள் என்றுதான் நாம் கேட்கிறோம். அறுபது பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும் நமக்கும் ஒரே தொகை என்றால், இடைவேளை முடிந்த பிறகும் கழிப்பறை வாசலில் வரிசையில் நிற்பது நம் பிள்ளைகள்தான்.

கேட்டால் கிடைக்குமா என்று சிலர் கேட்கிறீர்கள். 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் தொடங்கியது நம் ஊரில், நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில். பிள்ளைகள் பசியோடு வகுப்பில் உட்காருகிறார்கள் என்பதைக் கணக்கில் எடுத்து, அதற்கென்று பணம் ஒதுக்கினார்கள், அடுப்பு எரிந்தது. தேவை தாளில் ஏறினால்தான் பணம் வரும்.

அந்தத் தாளுக்குப் பள்ளி வளர்ச்சித் திட்டம் என்று பெயர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அதைத் தயாரிக்க வேண்டியது பள்ளி மேலாண்மைக் குழு. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள். அரசும் உள்ளாட்சியும் கொடுக்கும் மானியத்துக்கு அந்தத் திட்டமே அடிப்படை என்று சட்டம் சொல்கிறது. நான் எழுதும் கடிதம் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போகும் காகிதம். நீங்கள் கையெழுத்திட்ட திட்டத்துக்கு வேறு கனம் உண்டு.

பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். அதற்கு முன் நாம் போய்ச் சேர வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழுக் கூட்டம். வழக்கமாக மதியம் மூன்று மணிக்கு நடக்கும். அரை நாள் கூலி போகும் என்பதால் இந்த முறை மாலை ஆறரைக்கு வைத்திருக்கிறேன். குழுவில் இல்லாதவர்களும் வரலாம். அம்மாக்கள் அவசியம் வாருங்கள், கழிப்பறைப் பேச்சை ஆண்கள் மட்டும் உட்கார்ந்து பேச முடியாது. வரி ரசீது இருந்தால் ஒரு நகல் கொண்டுவாருங்கள். அன்றே திட்டத்தை எழுதி முடித்து, மறுநாள் காலை வார்டு உறுப்பினரிடம் நேரில் கொடுப்போம். வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையின் அடுத்த கூட்டத்திலும் நீங்களே எழுந்து கேளுங்கள்.

கைக்குழந்தையோடு வருபவர்களுக்காக ஒன்றாம் வகுப்பு அறையில் பாய் விரித்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை