டிரங்குப் பெட்டிக்குள் சில கட்டடங்கள்: கொழும்பில் சட்டம் படிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

புதுக்கடைச் சட்டக் கல்லூரியிலும் கொழும்புப் பல்கலைக்கழகச் சட்ட பீடத்திலும் படிக்கிற உங்களுக்கும், இப்போதுதான் சத்தியப்பிரமாணம் எடுத்துக் கறுப்புக் கோட்டின் புது வாசம்கூடப் போகாமல் இருக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் இருபது வருடமாகப் புலமைச்சொத்துச் சட்டத்தில், 'ஐபி' என்று சொல்கிறோமே, பெயர்களுக்கும் ஆக்கங்களுக்கும் யார் உரிமையாளர் என்று பார்க்கிற அந்தச் சட்டத்தில் இருக்கிறேன். பெரிய பேர் ஒன்றும் இல்லை. வெள்ளவத்தையில் வீடு, புதுக்கடையில் ஒரு சின்ன அறை. அந்த அறை முழுக்க ஊதுபத்தி, பிஸ்கட், பற்பசை என்று ஊரார் பொருள்களின் பெயர்களும் பெட்டி அட்டைகளும்தான்.

சில மாதங்களுக்கு முன் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "மெடம், ஐபி எண்டால் டி.ஆர். விஜேவர்தன மாவத்தைக்குப் போய் ஃபோர்ம் குடுக்கிறதுதானே? அதில என்ன எதிர்காலம் இருக்கு?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பாதி உண்மை என்பதால். தேசிய புலமைச்சொத்து அலுவலகம் அந்தத் தெருவில்தான் இருக்கிறது, நான் வாரத்தில் இரண்டு நாள் அங்கேதான் நிற்கிறேன். அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சரியான பதில் அப்புறம்தான் கிடைத்தது, அதுவும் என் வீட்டுக்கு மூன்று ஒழுங்கை தள்ளி, ஒரு டிரங்குப் பெட்டிக்குள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு அன்ரி. கணவர் காலமாகிச் சில வருடங்கள். அவர் 1960களில் கொழும்பில் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் படவரைஞராக இருந்தவர். இரவில் வீட்டிலும் இருந்து வரைவாராம், பிள்ளைகள் மை போத்தலைத் தட்டிவிடுவார்கள் என்று மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தாராம். அவர் விட்டுப்போன பெட்டியில் டிரேசிங் தாள்களும் நீலப்படங்களுமாக நூற்றுக்கு மேல். பழைய சாமான் விற்கும் கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்து, "சட்டகம் போட்டால் வெளிநாட்டுக்காரர் வாங்குவினம்" என்று நல்ல விலை சொல்லியிருக்கிறார். அன்ரி எனக்குப் போன் எடுத்துக் கேட்டது ஒரே கேள்வி: "பிள்ளை, இதை நான் விற்கலாமோ?"

பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தால் எப்படி எழுதுவீர்கள்? நான் அன்று பின்னேரம் முழுக்க அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் இருந்து யோசித்தேன். தாள் யாருடையது? அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது அலுவலகத்தின் அனுமதியோடா, இல்லை எறியப்போன பிரதியையா? அது முதல் முடிச்சு. அடுத்தது பதிப்புரிமை. தாளைக் கையில் வைத்திருப்பது வேறு, அதில் இருக்கிற ஆக்கத்தின் உரிமை வேறு. நம்முடைய 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின் 6 ஆம் பிரிவைப் பாருங்கள்: கட்டடக்கலை ஆக்கங்களும் பாதுகாக்கப்படுகின்றன, கட்டடக்கலை சார்ந்த வரைபடங்களும் பாதுகாக்கப்படுகின்றன. பதிவு ஒன்றும் தேவையில்லை, வரைந்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனால் சம்பளத்துக்கு ஊழியராக இருந்து வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பிரதி எடுக்கவும் விற்கவுமான பொருளாதார உரிமை வேலை கொடுத்தவருக்குப் போகும். ஆக்கியவருக்கு ஒழுக்க உரிமை, அதாவது தன் பெயரைப் போடச் சொல்லவும் ஆக்கத்தைச் சிதைத்தால் எதிர்க்கவும் உள்ள உரிமை, மட்டும் மிஞ்சும். அப்படியானால் ஆக்கியவர் யார்? கட்டடத்தை மனதில் கண்ட கட்டடக் கலைஞரா, இரவெல்லாம் இருந்து மரத்தின் ஒவ்வொரு இலையையும் மையால் வரைந்த படவரைஞரா? போதாததற்கு 1979 க்கு முன் இந்த நாட்டில் ஓடியது 1911 ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம். அதற்குப் பிறகு 1979 இன் 52 ஆம் இலக்கச் சட்டக்கோவை, அதற்குப் பிறகு இப்போதையது. ஒரு தாளுக்கு மூன்று சட்டம்.

அன்ரிக்கு நான் சொன்ன பதில்: "இப்போதைக்கு விற்காதேங்கோ." அதற்கு மேல் ஒரு வரி சொல்ல எனக்கு இரண்டு கிழமை ஆனது.

அந்தப் பெட்டிக்குள் இருப்பவை எந்தக் காலத்துக் கட்டடங்கள் என்றும் சொல்லவேண்டும். சுதந்திரத்துக்குப் பிந்திய முப்பது ஆண்டுகளில் கொழும்பில் ஒரு கூட்டம் சீமெந்தையும் இந்த மண்ணின் வெயில் மழையையும் ஒன்றாக வைத்து யோசித்தது. மினெட் டி சில்வா 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவனத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். கிரகரி வீதியில் அவர் 1950களில் கட்டிய சேனாநாயக்க தொடர்மாடி வழியாக நீங்கள் பஸ்ஸில் போயிருப்பீர்கள், தெரியாமல். பொறியியலாளர் ஏ.என்.எஸ். குலசிங்கவின் கோளரங்கம், 1965 கைத்தொழில் கண்காட்சிக்காக எழுந்தது, தாமரை போல விரியும் கொங்கிரீட். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எல்லோரையும் அங்கே கூட்டிப்போவார்கள், எல்லோரும் உள்ளே நட்சத்திரம் பார்ப்போம், கூரையை ஒருவரும் பார்ப்பதில்லை. வலன்டைன் குணசேகர கொங்கிரீட்டை வளைத்துப் பார்த்த கட்டடக் கலைஞர். அப்புறம் ஜெஃப்ரி பாவா.

பாவாவைப் பற்றி உங்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அவர் நம் ஆள். 1919 இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் ஆங்கிலம் படித்து, லண்டனில் சட்டம் படித்து, கொழும்பில் கொஞ்சக் காலம் சட்டத் தொழிலும் பார்த்தவர். பிறகு அதை விட்டுவிட்டுத் திரும்ப லண்டன் போய், 38 வயதில்தான் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றார். சட்டத்தை விட்டுக் கட்டடத்துக்குப் போனவரைக் கொண்டாடுகிறோம். கட்டடத்துக்காகச் சட்டத்துக்கு வரும் ஒருவரைத்தான் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு பெயர்: பூலோகசுந்தரம். எட்வர்ட்ஸ், ரீட் அன்ட் பெக் என்ற கட்டடக்கலை நிறுவனத்தில் பாவாவின் பங்காளியாக இருந்த பொறியியலாளர். பாவாவின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும், நம் ஆட்களிடம் பூலோகசுந்தரம் என்றால் "எந்தப் பூலோகசுந்தரம், மானிப்பாயோ?" என்று கேட்பார்கள். கூரை நிற்பதற்குக் கணக்குப் போட்டவரின் உரிமை என்ன என்பதற்கும் உங்கள் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை.

சரி, கட்டடத்தை இடிக்காமல் காக்கச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, பழைய கட்டடங்களுக்கு. 1940 இன் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் பழமையை ஆண்டுக் கணக்கில் அளந்து பார்க்கிற சட்டம். அதை எழுதியபோது இந்தக் கட்டடங்களில் பெரும்பாலானவை கட்டப்படவே இல்லை. அறுபது வயதுக் கொங்கிரீட் வீடு அதன் கண்ணில் இன்னும் குழந்தை. கொழும்புக் காணி விலைக்கோ அது ஏற்கெனவே கிழம்.

கொழும்பு அல்பிரட் பிளேஸில் பாவா 1960களின் தொடக்கத்தில் கட்டிய, பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவின் வீடு ஓர் உதாரணம். நடுவில் முற்றம், சுற்றிவரத் தாழ்வாரம், தெருவுக்கு முதுகைக் காட்டி உள்ளுக்குள் திறந்த வீடு. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதில் என்ன புதுமை என்று என் அம்மா கேட்டா, நியாயமான கேள்வி. 2009 அளவில் காணி கைமாறியது. வீட்டைக் கல் கல்லாகக் கழற்றி, இலக்கம் போட்டு, பெந்தோட்டைப் பக்கம் பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டினார்கள். பாராட்டவேண்டிய வேலை. ஆனால் எத்தனை வீட்டை அப்படித் தூக்கிப்போக முடியும்? மினெட்டின் முதல் வீடு, கண்டியில் 1951 இல் முடிந்த கருணாரத்ன வீடு, நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதைத் தூக்க ஒருவரும் வரவில்லை.

புலமைச்சொத்துச் சட்டத்தால் தடுக்க முடியாதா? இதுதான் என் மனதுக்கு நெருக்கமான இடம், கொஞ்சம் நின்று பேசுகிறேன். முன்னே சொன்ன ஒழுக்க உரிமை 10 ஆம் பிரிவில் இருக்கிறது: தன் மதிப்புக்கோ நற்பெயருக்கோ பங்கம் வரும்படி ஆக்கத்தைச் சிதைத்தால், திரித்தால், எதிர்க்கலாம். உரிமை ஆயுட்காலமும் இறந்தபின் 70 ஆண்டுகளும். மினெட் 1998 இல் இறந்தார், எனவே 2068 வரை. பாவா 2003 இல், எனவே 2073 வரை. நீங்கள் ஓய்வு பெறும் வயது வரைக்கும் இந்த உரிமைகள் உயிரோடு இருக்கும். யாருடைய கையில் என்பதுதான் கேள்வி. மரண சாசனங்களைத் தேடிப் பார்த்துப் பட்டியல் போட்டவர் ஒருவரையும் நான் சந்திக்கவில்லை.

ஆனால் முழுதாக இடித்தால்? டெல்லியில் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால் வடிவமைத்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் கண்காட்சி மண்டபம், 1972 இல் கட்டியது, 2017 ஏப்ரலில் ஓர் இரவோடு போனது. அவர் வழக்கு வைத்தார். 2019 இல் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. காணிச் சொந்தக்காரர் இடிப்பதை ஆக்கியவர் தடுக்க முடியாது என்றும், கண்ணுக்கே தெரியாமல் போனது ஒருவரின் பெயரைக் கெடுக்காது என்றும் அதன் சாரம். அதாவது காதை அறுத்தால் குற்றம், தலையை எடுத்தால் குற்றமில்லை. அதே நீதிமன்றம் 2005 இல், விஞ்ஞான் பவன் சுவரிலிருந்து அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தைப் பிய்த்துச் சேதப்படுத்திய வழக்கில், மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஐந்து லட்சம் ரூபாய் நட்டஈடும் விதித்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எந்தத் தீர்ப்பும் நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் வணிக மேல் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு முதலில் நீட்டப்போவது ரேவால் தீர்ப்பைத்தான். அதற்குப் பதில் எழுதப் பழகிய கை இப்போதே வேண்டும்.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், கட்டடத்துக்காக வழக்குப் போட்டு வெல்வதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. காணி விலை எப்போதும் வெல்லும். ஆனால் வரைபடம் இருந்தால் ஏனா டி சில்வாவின் வீட்டைப் போலத் திரும்பக் கட்டவாவது வழி உண்டு. சட்டம் மிகத் தெளிவாகப் பேசுவதும் வரைபடத்தைப் பற்றித்தான். கண்காட்சிக்கு வரைபடம் கொடுப்பவர் என்ன அனுமதி கொடுக்கிறார், அந்தக் காலத்து நாற்காலியைப் பார்த்து இன்று மொறட்டுவையில் செய்து விற்பவர் யாரிடம் கேட்கவேண்டும், வீட்டை விளம்பரப் படத்துக்கு வாடகைக்கு விடுபவர் கட்டடக் கலைஞரின் பெயரைப் போடவேண்டுமா, பங்காளிகள் பிரியும்போது பழைய வரைபடங்கள் யாருக்கு, ஆவணக் காப்பகத்துக்கு அன்பளிப்பு எழுதும்போது தாளை மட்டும் கொடுக்கிறார்களா உரிமையையும் கொடுக்கிறார்களா. இவை ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. கோப்பு என்றால் கட்டணமும் உண்டு, நான் தர்மத்துக்கு வரச் சொல்லவில்லை. கட்டணம் முதல் ஐந்து வருடம் பெரிதாக இராது, அதையும் மறைக்கவில்லை. காணி உறுதி எழுதுகிற உங்கள் நண்பர் முதலில் கார் வாங்குவார்.

தமிழில் பேசக்கூடியவர் என்பதும் இங்கே ஒரு தகுதி. கொட்டாஞ்சேனையிலும் பம்பலப்பிட்டியிலும் தெஹிவளையிலும் இப்படி எத்தனை பெட்டி கட்டிலுக்குக் கீழே கிடக்கும்? படவரைஞர்கள், மேற்பார்வையாளர்கள், பொறியியலாளர்கள் என்று அந்த அலுவலகங்களில் நம்மவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். 1983 கலவரத்தில் கொழும்பில் எத்தனை வீடு எரிந்தது, அவற்றோடு எத்தனை பெட்டி போனது என்று நினைக்கும்போது மிச்சத்தின் பெறுமதி புரியும். அந்த வீட்டுக் கதவைத் தட்டி, "அன்ரி, அந்தப் பெட்டியை ஒருக்கால் பார்க்கலாமோ" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

அன்ரி இன்னும் விற்கவில்லை. கடைக்காரர் இரண்டு தடவை போன் எடுத்துவிட்டார். தாள்களைப் பட்டியல் போட்டு, படம் எடுத்து, எந்தக் கட்டடம், எந்த வருடம், மூலையில் யாருடைய கையெழுத்து என்று குறித்து முடித்தால்தான் உரிமை யாருடையது என்றே கடிதம் எழுதத் தொடங்கலாம். இரண்டு பேர் போதும், சனிக்கிழமைகளில். சில தாள்களைக் கரையான் அரித்திருக்கிறது, தொட்டால் உதிரும், ஆகவே பொறுமையுள்ளவர்கள் வரட்டும். தூசிக்கு மாஸ்க் கொண்டு வாருங்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வரவேண்டாம், அன்ரி விடமாட்டா.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு சட்டத்தரணி